அடியில் விரிக்க ஒன்று

காலை பதினொன்று இருபதுக்கு, நன்னிலத்தில் பிரபுவின் வீட்டுக்குப் பர்வின் வந்தாள். முதுகில் ஜாஹிதின் பை இருந்தது.

பிரபு அவள் முகத்தைப் பார்க்குமுன் பையைப் பார்த்தான். சாம்பல் நிறம். இடுப்பு வாரில் கொக்கி உடைந்திருந்தது. உடைத்தது அவன்தான். போன வருஷம் ஜூனில், ஜாஹிதை மலையில் அடக்கம் செய்துவிட்டு, இரண்டு பைகளையும் ஒற்றை ஆளாகச் சுமந்து இறங்கியபோது உடைந்தது. அதை நாகூருக்குக் கொண்டுபோய் ஜாஹிதின் தகப்பனார் மூஸாவிடம் கொடுத்தான். மூஸா கைநீட்டி வாங்கவில்லை. அங்கே வையுங்க தம்பி என்று சுவர் ஓரத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பையை இப்போதுதான் பார்க்கிறான்.

"உள்ள வா" என்றான்.

"பஸ்ஸுல எனக்கும் இதுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் கேட்டான்ணே. சண்டை போட்டுட்டு வர்றேன்."

பர்வின் ஜாஹிதின் தங்கை, நான்கு வயது இளையவள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு அன்று மாலை ரயிலேறுகிறாள். சென்னை, ஜெய்ப்பூர், மணாலி, அதற்கு மேலே நடை. அண்ணன் போன வழியே போய் அவன் கபுரைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டில் அதுவரை யாரும் அந்தக் கபுரைப் பார்த்ததில்லை. மூஸா ஆறு மாதம் மறுத்தார். பிறகு ஒரு நாள், பிரபு தம்பியைக் கேட்டு மூட்டை கட்டு, அந்த ஊர்க் குளிர் அவருக்குத்தான் தெரியும் என்றார்.

இதை அவள் போனில் சொல்லிப் பதினைந்து நாள் ஆகிறது. 

கொல்லைப் பக்கமிருந்து ஞானாம்பாள் வந்தாள். பிரபுவின் அம்மா. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கை வரை ஈரம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு நாளில் வாய்க்காலுக்கு வரும். குறுவைக்கு விதை ஊறப்போடும் நாள் அது.

"வா பாப்பா. என்னடி இது, கந்தூரிக்குக் கடை போட வந்தவ மாதிரி இவ்ளோ மூட்டை?"

"கடையேதாம்மா. உங்க புள்ளைதான் முதல் யாவாரம்."

"அவன் பேரம் பேசியே உன் கடையை மூட வச்சுருவான். உக்காரு. மோர் கொண்டாறேன். வாப்பா எப்டி இருக்காங்க?"

"இருக்காங்கம்மா."

ஞானாம்பாள் திரும்பக் கொல்லைக்குப் போனாள். பர்வின் கூடத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். துணிமணி, மருந்து எல்லாம் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தாள். மீதி இருந்தது படுக்கை. அதில்தான் அவளுக்குக் குழப்பம். ஒரே பயணத்தில் மூன்று ஊர் வானிலை. ஒன்றுக்கு ஆகிறது இன்னொன்றுக்கு ஆகாது. எல்லாவற்றையும் எடுத்தால் தூக்க முடியாது.

ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். மெல்லிய பருத்தி விரிப்பு. ஒரு தார்ப்பாய்த் துண்டு. ஊதினால் உப்பும் தலையணை. ஸ்லீப்பிங் பேக். ஒரு கம்பளி. பிறகு, இரண்டு கைலிகளைச் சேர்த்து உறை மாதிரி தைத்த ஒன்று.

பிரபு அந்தக் கைலியின் பச்சைக் கட்டத்தைத் தெரிந்துகொண்டான். கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் பார்த்தது.

"இது பேக்குக்குள்ள போடறதுக்குண்ணே. உள் உறை. உம்மா தச்சுக் குடுத்தாங்க."

"நல்லதுதான். ஜெய்ப்பூர்ல இது மட்டும் போதும். அங்க ராத்திரியிலயும் சுவரு சுடும். விரிப்பை நனைச்சுப் பிழிஞ்சு மேல போட்டுக்க. காஞ்சவுடனே திரும்ப நனை."

"சரி."

"ஸ்லீப்பிங் பேக் எவ்ளோ தாங்கும்?"

"மைனஸ் பத்துன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கிறதை நம்பாத. நாம வேர்த்து வளந்த உடம்பு. அதுல சொல்றது வேற ஆளுக்கு."

பர்வின் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பிரபு பார்த்துக்கொண்டிருந்தான். தான் சொன்னதை ஒருத்தி எழுதிவைத்துக்கொள்கிறாள். எழுந்து போய் உளுந்து நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துவந்து, எல்லாவற்றையும் பையில் அடைத்து, கொக்கியில் மாட்டித் தூக்கினான்.

"பன்னெண்டு இருநூறு."

"எவ்ளோ இருக்கலாம்?"

"உன் உடம்புக்குப் பத்து. அதுக்கு மேல ஆச்சுன்னா மூணாவது நாள் தோள் சொல்லும்."

பையை இறக்கிக் கம்பளியை உருவி எடுத்தான். சுவர் ஓரம் தள்ளிவைத்தான்.

"குளிருக்குத்தானேண்ணே கம்பளி?"

"வேணாம்."

"வாப்பா புதுசா வாங்கினாங்க. இதை மட்டும் விட்டுட்டுப் போகாதேன்னு…"

"வேணாங்கிறேன்ல. ரெண்டு கிலோ. ஒரு பிரயோசனமும் இல்லை."

குரல் உயர்ந்துவிட்டது. பர்வின் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள். கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் அவளை அனுப்ப முடியாது. அதற்காகத்தான் அவளை வரச்சொன்னான். எப்படிச் சொல்வது என்று பதினைந்து நாள் ஒத்திகை பார்த்திருந்தான். போகிற போக்கில், உப்பு வாங்க மறந்துடாதே என்பது போல.

"கம்பளிக்குப் பதிலா அடியில விரிக்க ஒண்ணு வாங்கிக்க. தக்கை மாதிரி இருக்கும், மடிக்கலாம். சென்னையில கிடைக்கும்."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"குளிரு தரையிலேர்ந்துதான் ஏறுமாம். படிச்சேன். மேல எவ்ளோ போத்தினாலும், அடியில ஒண்ணும் இல்லாட்டி உடம்புச் சூட்டை மண்ணு குடிச்சுருமாம். நானாவும் அதைப் படிச்சிருக்கு."

நானா என்றுதான் அவள் ஜாஹிதைக் கூப்பிடுவாள். போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். அது ஜாஹிதின் போன். திரையில் ஓரமாக ஒரு விரிசல்.

"போன மாசம்தான் திறக்க முடிஞ்சுது. உம்மா பொறந்த வருஷம்தான் நம்பர். ஒரு வருஷமா எங்க யாருக்கும் தோணலை. இந்தாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி எழுதினது."

அது ஒரு பட்டியல். டார்ச். பேரீச்சம்பழம். மெழுகுவத்தி. மாத்திரை. ஒன்பதாவது வரியில் இருந்தது: பாய் 2. பிரபுக்கும் சேத்து. அவன் வாங்க மாட்டான், கஞ்சன்.

பிரபு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"ரெண்டு பாய் எடுத்துட்டுப் போயிருக்கு. ஆஸ்பத்திரிப் பேப்பர்ல உடம்புச் சூடு இறங்கிப் போச்சுன்னு எழுதியிருக்காங்க. ஓடையில விழுந்து நனைஞ்சுட்டான்னு நீங்க சொன்னீங்க. சரி. துணியை மாத்தியிருக்கு. பேக்குக்குள்ள படுத்திருக்கு. அடியில பாயும் இருந்திருக்கு." அவள் நோயாளியின் அட்டையைப் படிப்பது போலப் படித்துக்கொண்டு போனாள். "எனக்குக் கணக்கு இடிக்குதுண்ணே. அதான் கேக்குறேன். அந்தப் பாய் இருந்துச்சுல்ல?"

"ஓடையில போயிருச்சு" என்றான் பிரபு.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். அவன் விழுந்தப்ப பையிலேர்ந்து நழுவிடுச்சு."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்டின்னா சரி. அல்லா எழுதினது" என்றாள்.

ஒரு வருஷத்தில் பிரபு சொன்ன புதுப் பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொல்லாமல் விட்டவை.

பாய் ஓடைக்குப் போகவேயில்லை. நன்னிலத்தைத் தாண்டவில்லை.

ஜாஹிதுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. வெயிலுக்குப் போகுமுன் ஒருதரம் பனியைப் பார்த்துவிட வேண்டும் என்றான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இதே கூடத்தில் உட்கார்ந்து இருவரும் மூட்டை கட்டினார்கள். ஜாஹித் பையை இங்கேயே விட்டுவிட்டு வீட்டில் சொல்லிக்கொண்டு வர நாகூர் போனான். அவன் அங்கே ரயிலேறுவது, பிரபு இரண்டு பைகளோடு நன்னிலத்தில் ஏறிக்கொள்வது என்று பேச்சு.

கிளம்புகிற காலை ஞானாம்பாள் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்துக்கொடுத்தாள். வைக்க இடமில்லை. பிரபு ஜாஹித் பையின் அடி அறையைத் திறந்தான். இரண்டு பாய்கள் மடித்துச் செருகியிருந்தன. தரையில் படுக்கப் பாய் எதற்கு என்று நினைத்தான். பிறந்ததிலிருந்து தரையில் படுத்தவன். சித்திரை மாதம் வெறும் சிமெண்டில் முதுகை ஒட்டிப் படுக்க இந்த வீட்டில் அடிதடி நடக்கும். இந்த ஊரில் குளிர் என்றால் பனி. பனி மேலிருந்து இறங்கும். மார்கழியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது, காலுக்குச் செருப்புகூட வேண்டியதில்லை. பாய்களை எடுத்துப் பரணில் எறிந்தான். அந்த இடத்தில் கம்பளியை வைத்தான். ஜாஹிதுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான்.

ஜெய்ப்பூரிலும் மணாலியிலும் கட்டில் இருந்தது. பாயை யாரும் தேடவில்லை.

நடையின் இரண்டாம் நாள், பொழுது சாயும் நேரம், ஓடையில் நனைந்த ஜாஹித் பல் கிட்டிக்க உடை மாற்றினான். கூடாரத்துக்குள் பையின் அடி அறையைத் திறந்தான். கம்பளி வந்தது. கையை விட்டுத் துழாவினான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

"வச்சேனேடா மாப்ள. என் கையாலதானே வச்சேன்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் திட்டுவான், அவ்வளவுதான். ஆனால் களைப்பு. எரிச்சல். காலையிலிருந்து அவன் வழி தப்பாகச் சொன்னதில் ஒரு மனஸ்தாபம் வேறு.

"மறந்திருப்ப" என்றான் பிரபு.

ஜாஹித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "உன்னோடதையும் சேத்துல்ல மறந்துட்டேன். மன்னிச்சுக்க மாப்ள" என்றான். இருவரும் கூடாரத் துணிமேல் படுத்தார்கள். துணிக்கு அடியில் ஈரக் கல். கம்பளியை அடியில் விரித்திருக்கலாம். மேலே போர்த்தினார்கள். ஜாஹித் இன்னும் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டான். கடைசித் தரம் கேட்டபோது நாக்குக் குழறியது. விடியுமுன் அவன் நடுக்கம் நின்றது. தேவலை ஆகிவிட்டது என்று பிரபு தூங்கிவிட்டான்.

கீழே ஒரு சின்ன ஊரில் பள்ளிவாசல்காரர்கள் அடக்கம் செய்தார்கள். பனியில் பாதை மூடியிருந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. மூஸா போனில், மய்யித்தைக் காக்க வைக்க வேண்டாம், அங்கேயே செய்துவிடுங்கள் என்றார். பிரபு தள்ளி நின்றான். வெள்ளைத் துணி சுற்றி மண்ணில் இறக்கினார்கள். அடியில் ஒன்றும் இல்லை.

இந்த வருஷ நோன்பு மாதத்தில் மூஸா ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். உங்க கூட இருந்தபோதுதான் என் பிள்ளை மவுத்தானான், நீங்களும் எனக்குப் பிள்ளைதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிரபு அதைக் கொல்லை வாழைக்கு ஊற்றினான்.

"அண்ணே" என்றாள் பர்வின். "ஒண்ணு கேக்கலாமா? நடுக்கம் எப்ப நின்னுச்சு?"

"விடியறதுக்கு முன்னாடி."

"அப்ப ஏதாச்சும் பேசுச்சா?"

அவன் பதில் சொல்லுமுன் ஞானாம்பாள் செம்பில் மோரோடு வந்தாள். சுவர் ஓரம் கிடந்த கம்பளியைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னத்துக்கு இவ்ளோ யோசனை? எல்லாம் எடுத்தாச்சா?"

"அடியில விரிக்கத்தாம்மா ஒண்ணு வேணும். சென்னையில வாங்கணும்."

"என்னது, அந்தத் தக்கை மாதிரி, மடிக்கிற பாயா? அதுக்கு ஏன் காசு? உள்ள ரெண்டு கிடக்கே."

"அம்மா" என்றான் பிரபு.

"கிடக்குடா. நீங்க கிளம்பின அன்னிக்கு நீதானே பரண்ல வீசிட்டுப் போன. நான்தான் எடுத்து விதை மூட்டைக்கு அடியில போட்டேன்." பர்வின் பக்கம் திரும்பினாள். "எப்பவும் வைக்கோல்தான் பரப்புவோம் பாப்பா. வெறும் தரையில மூட்டையை வச்சா ஈரம் ஏறி முளைப்பு போயிரும். வைக்கோல்ல எலி வரும். இந்தப் பாய் போட்டதுலேர்ந்து ஒரு சொட்டு ஈரம் ஏறலை. ஒரு மணி பூஞ்சை பிடிக்கலை. காலையில ரெண்டு மூட்டை பிரிச்சுப் பாத்தேன், அப்பதான் காயவச்ச மாதிரி இருக்கு. வா, காட்டுறேன்."

பர்வின் எழுந்தாள். பிரபுவைப் பார்க்கவில்லை. ஞானாம்பாளுக்குப் பின்னால் உள் அறைக்குப் போனாள்.

நெல் வாசனை அடித்தது. நான்கு மூட்டைகளில் இரண்டு கொல்லைக்குப் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பாய் வெறுமையாகக் கிடந்தது. மூட்டை அழுத்திய பள்ளம் அதில் அப்படியே இருந்தது. ஞானாம்பாள் அதை இழுத்து உதறினாள். உமி பறந்தது. மடிப்பின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: பிரபு. அடைப்புக்குறிக்குள், ஓசி.

"இன்னொண்ணு அந்த மூட்டைக்குக் கீழ இருக்கு. டேய், வந்து நகத்து."

பிரபு வந்தான். மூட்டையைக் கட்டிப்பிடித்து நகர்த்தினான். இரண்டாவதையும் நகர்த்தினான்.   பர்வின் குனிந்து பாயை எடுத்தாள். மடிப்பைத் திருப்பினாள். ஜாஹித் என்று எழுதியிருந்தது. எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். அழியவில்லை.

ஞானாம்பாளுக்கு எழுதப் படிக்க வராது. அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடா?" என்றாள். "அந்தப் புள்ளையோடதா? எனக்கு என்னடா தெரியும், நீ வேணாம்னு போட்டேன்னுதானே…" பாதியில் நிறுத்தினாள். 

"ஓடையில போகலை" என்றாள் பர்வின்.

"இல்லை."

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கம்பளி வைக்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். பையால் அடிப்பாள் என்றுகூட நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் பாயைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். துப்பட்டாவின் முனையால் உமியைத் துடைத்தாள். மடிப்புக்குள் சிக்கியிருந்த நெல்மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து, தரையில் போடாமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள். பாயை மடித்தாள். பையின் அடி அறையைத் திறந்து செருகினாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. ஜிப்பை இழுத்தாள்.

கம்பளியைத் தொடவில்லை. மோரையும் தொடவில்லை.

பையைத் தொங்கு தராசில் தானே மாட்டினாள். இரண்டு கையாலும் தூக்கினாள். பத்தரை என்று காட்டியது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஊதும் தலையணையையும் தார்ப்பாய்த் துண்டையும் எடுத்துக் கம்பளிமேல் போட்டாள். திரும்பத் தூக்கினாள். பத்துக்குக் கீழே வந்தது. பிரபு சொல்லி எழுதிக்கொண்ட தாளை நோட்டிலிருந்து கிழித்து, நான்காக மடித்து, மோர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உள் அறையில் ஞானாம்பாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சுவிடுவது கூடம் வரை கேட்டது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டாந்து விடறேன்" என்றான் பிரபு.

"வேணாம்."

"வெயிலு."

அவள் பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். உடைந்த கொக்கியின் வாரை முடிச்சுப் போட்டு இறுக்கினாள். வாசலில் செருப்பை மாட்டியவள் படியிறங்காமல் நின்றாள். தெருவில் யாரோ உரமூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடக்கும்வரை காத்திருந்தாள்.

"வாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க." திரும்பாமலே கேட்டாள். "பாயை எடுத்தது நீங்கதான்னு நானாவுக்குத் தெரியுமா?"